சாதாவா, பாட்டிலா?

யாழினி: தண்ணீர் சாதாவா சார், பாட்டிலா?

பெரியப்பா: சாதாவே போதும்மா.

யாழினி: சாதா...வா?

(அந்த இழுவையை ஒன்பது வயதுக் குழந்தை எங்கே பிடித்தது என்று யாரும் கேட்க வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போன ஏசி ஹோட்டலில் சர்வர் இழுத்த அதே இழுவைதான். பக்கத்து மேசைக்குக் கேட்கிற அதே சத்தம். இங்கே, வீட்டில் நடக்கும் ஹோட்டல் விளையாட்டில், பக்கத்து மேசையில் இஸ்திரிக்கு வைத்த துணி மட்டும் இருந்தது.)

பெரியப்பா: சரி சரி, பாட்டிலே கொடு.

யாழினி: பாட்டில் ஒன்று. மெனுவுக்கு இதை ஸ்கேன் பண்ணுங்கள் சார்.

பெரியப்பா: இது நீ ஸ்கெட்ச் பேனாவால் போட்ட கட்டம். ஒன்றும் வரவில்லையே?

யாழினி: அந்த ஏசி ஹோட்டலிலும் உங்களுக்கு வரவில்லை. அப்புறம் சர்வர் அண்ணனைக் கூப்பிட்டு வாயால் சொல்லச் சொன்னீர்கள்.

பெரியப்பா: நீயும் வாயாலேயே சொல்லிவிடு.

யாழினி: ரவா தோசை, நெய் ரோஸ்ட், பூரி, பரோட்டா, கோபி மஞ்சூரியன், மிக்சர்.

பெரியப்பா: ஒரு ரவா தோசை.

யாழினி: இருபது நிமிடம் ஆகும்.

பெரியப்பா: பரவாயில்லை, காத்திருக்கிறேன்.

யாழினி: இருபது நிமிடம் கழித்து வந்து மாவு தீர்ந்துவிட்டது என்று சொல்வேன் சார்.

பெரியப்பா: அப்படியானால் பூரி.

யாழினி: பூரி காலையில் மட்டும்.

பெரியப்பா: பரோட்டா?

யாழினி: சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்.

பெரியப்பா: இப்போது என்னதான் இருக்கு?

யாழினி: உங்களுக்கு எது வேண்டுமோ அதைச் சொல்லுங்கள் சார்.

பெரியப்பா: மிக்சர்.

யாழினி: நல்ல சாய்ஸ் சார்.

(மிக்சர் வந்தது. சொப்புத் தட்டில் ஒரு கைப்பிடி. நிலக்கடலையை எல்லாம் கட்டிலுக்கு அடியில் இருக்கும் ஐந்து வயது முதலாளி ஏற்கெனவே பொறுக்கிவிட்டார்.)

பெரியப்பா: பாட்டிலில் இருப்பது நம் வீட்டு ஆர்.ஓ. தண்ணீர்தானே?

யாழினி: மூடியில் செல்லோடேப் ஒட்டியிருக்கிறது பாருங்கள். அதற்குத்தான் பத்து ரூபாய்.

பெரியப்பா: பில்லைக் காட்டு. மிக்சர் 20, தண்ணீர் 10, சர்வீஸ் சார்ஜ் 3, ஜிஎஸ்டி 1.65. ஆக 34.65. அப்புறம் ஏன் 35 என்று போட்டிருக்கு?

யாழினி: ரவுண்டு பண்ணினோம்.

பெரியப்பா: யாரிடம்? வணிகவரித் துறையில் ரிடையர் ஆனவன் நான். ஏசி ஹோட்டலுக்கு 18 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டியை 2017 நவம்பர் 15-இல் 5 சதவீதம் ஆக்கினார்கள். அதில் இரண்டரை மத்திய அரசுக்கு, இரண்டரை மாநிலத்துக்கு. நீ எந்த அரசுக்குக் கட்டப் போகிறாய்?

யாழினி: அப்போது எனக்கு ஒரு வயது சார்.

பெரியப்பா: வருடத்துக்கு 20 லட்சம் ரூபாய்க்கு மேல் வியாபாரம் நடந்தால்தான் ஹோட்டல் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாமல் ஜிஎஸ்டி வாங்கக் கூடாது. உன் வியாபாரம் இதுவரை எவ்வளவு?

யாழினி: நீங்கள் கொடுத்தால் முப்பத்தைந்து ரூபாய்.

பெரியப்பா: சரி, அதை விடு. இந்த சர்வீஸ் சார்ஜ்? வாடிக்கையாளரைக் கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே சொல்லிவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அது சரிதான் என்றது. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போட்டால் போதும், தெரியுமா?

யாழினி: போடுங்கள் சார். ஆனால் மேசையைக் காலி பண்ணிவிட்டுப் போடுங்கள். ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

பெரியப்பா: யார் காத்திருக்கிறார்கள்?

யாழினி: பாட்டி. குளித்துவிட்டு வருவார்.

பெரியப்பா: மூன்று ரூபாயா என்பது கேள்வி இல்லை பாப்பா. சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தட்டிக் கேட்காவிட்டால்...

யாழினி: பெரியப்பா.

பெரியப்பா: இவ்வளவு நேரம் சார் என்றாயே?

யாழினி: இது சாரிடம் கேட்கிற கேள்வி இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஹோட்டல் பில்லிலும் சர்வீஸ் சார்ஜ் இருந்தது. 240 ரூபாய். நான் எட்டிப் பார்த்தேன். நீங்களும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தீர்கள். 1915-க்குப் போன் போடவே இல்லையே? சிரித்துக்கொண்டே கார்டை நீட்டினீர்கள். மேலே ஐம்பது ரூபாய் டிப்ஸ் வேறு.

பெரியப்பா: அங்கே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யாழினி: இங்கேயும் முதலாளி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

(அந்த மேசையில் நானும் இருந்தேன். பில்லை நானும் பார்த்தேன். அப்போது சோம்பில் கல்கண்டு பொறுக்கிக்கொண்டிருந்தேன்.)

பெரியப்பா: ...சோம்பு இருக்கா?

யாழினி: தீர்ந்துவிட்டது சார். மிக்சர் தரட்டுமா?

பெரியப்பா: வேண்டாம். இந்தா ஐம்பது ரூபாய்.

யாழினி: நன்றி சார். போவதற்கு முன் ஐந்து ஸ்டார் போட்டுவிடுங்கள்.

பெரியப்பா: நாலு போடுகிறேன். கடலை இல்லை.

யாழினி: நாலு போட்டால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள் சார்.

பெரியப்பா: அவனுக்குச் சம்பளம் என்றால் என்னவென்று தெரியுமா?

யாழினி: பிடிக்கத் தெரியும் சார்.

பெரியப்பா: சரி, ஐந்து. மீதி பதினைந்து ரூபாய்?

யாழினி: சில்லறை இல்லை. ஐந்து ரூபாய் சாக்லேட் மூன்று தருகிறேன்.

பெரியப்பா: இது காலையில் உங்கள் இரண்டு பேருக்கும் நான் வாங்கி வந்த சாக்லேட்! அதிலும் இரண்டுதான் இருக்கு.

யாழினி: மூன்றாவது டிப்ஸ் சார். சேர்த்துவிட்டோம்.

பெரியப்பா: கேட்காமலா?

யாழினி: நீங்கள்தான் சிரித்துக்கொண்டே கொடுப்பீர்களே.

(அவர் சிரித்தார். எழுந்தார். பாட்டிலையும் கையோடு எடுத்தார்.)

யாழினி: பாட்டிலை வைத்துவிட்டுப் போங்கள் சார். அடுத்து பாட்டி வருகிறார். அவரும் முதலில் சாதா என்றுதான் சொல்வார்.