பரிசைக் காட்டினால் போதாது, கட்டியதையும் காட்டுங்கள்

ஆன்லைன் போக்கர் சீட்டாட்டத்துக்கு வகுப்பு எடுக்கும் ஒருவர் போட்ட ஸ்க்ரீன்ஷாட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 90 டோர்னமெண்ட், 140 சதவீதம் ஆர்ஓஐ (கட்டிய பணத்தின் மேல் வந்த லாபம்), கீழே போக்கர் பயிற்சி வகுப்புக்கான கட்டணம். "இதில் எத்தனை ரீ-என்ட்ரி (தோற்ற பிறகு மறுபடி பணம் கட்டி நுழைவது)?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அதற்கு வந்த பதிலையும் பார்த்திருப்பீர்கள். "தோத்தவன் புலம்பல்."

சரி, புலம்பல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு மாறிவிடாது.

நான் ஆடியபோது ஒரு டோர்னமெண்டுக்கு 550 ரூபாய் கட்டினால் 500 ரூபாய்தான் பரிசுப் பணத்தில் சேர்ந்தது. மீதி 50 ஆட்டத்தை நடத்தும் தளத்துக்கு. எல்லோரும் ஒரே திறமையோடு ஆடினால் ஒவ்வொருவருக்கும் 9 சதவீதம் நஷ்டம். நாம் எல்லோரும் தொடங்கும் இடம் அந்தப் பள்ளம்தான். அதிலிருந்து ஏறி, அதற்கு மேலும் 15, 20 சதவீதம் எடுப்பவர் உண்மையிலேயே நன்றாக ஆடுகிறவர். ஆள் கூட்டம் அதிகமாகவும் ஆட்டம் பலவீனமாகவும் இருக்கும் சின்ன பை-இன்களில் (நுழைவுக் கட்டணங்களில்) 30, 40 கூட வரலாம். பெரிய பை-இன்களில் 5, 10 வந்தாலே கெட்டிக்காரர். 140 என்பது யாருடைய சம்பாத்தியமும் அல்ல. ஒரு நல்ல வாரம், அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்? 1,000 பேர் ஆடும் டோர்னமெண்டில் நூற்றைம்பது பேருக்குப் பணம் கிடைக்கலாம். ஆனால் பெரும்பாலானவர்களுக்குக் கட்டியதைப் போல இரண்டு மூன்று மடங்குதான். உண்மையான பணம் கடைசியாக எஞ்சுகிறவர்கள் ஆடும் ஃபைனல் டேபிளில், அதிலும் முதல் மூன்று இடத்தில் இருக்கிறது. அதனால் ஏற்ற இறக்கம் மிகக் கொடூரமாக இருக்கும். என் கணக்கில் அந்த ஏற்ற இறக்கத்தின் அளவு (புள்ளியியலில் திட்டவிலக்கம்) ஒரு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 8 பை-இன். 1,000 ஆட்டம் ஆடிய பிறகும் உங்கள் ஆர்ஓஐ 25 சதவீதம் மேலேயோ கீழேயோ தள்ளி நிற்பது சாதாரணம். நிஜமாகவே 20 சதவீதம் லாபம் எடுக்கும் திறமை உள்ள ஆட்டக்காரர்களில் ஐந்தில் ஒருவர் 1,000 ஆட்டத்துக்குப் பிறகும் நஷ்டத்தில் இருப்பார். 90 ஆட்டத்தில் அந்தத் தள்ளல் 80 சதவீதத்துக்கும் மேல். நூறு சராசரி ஆட்டக்காரர்களை 90 ஆட்டம் ஆடவிட்டால் நாலைந்து பேருக்கு இந்த 140 தானாக வரும். அவர்களில் ஒருவர் வகுப்பு எடுக்கிறார். மீதித் தொண்ணூற்றைந்து பேர் ஸ்க்ரீன்ஷாட் போடுவதில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2019 முதல் 2022 வரை 1,412 டோர்னமெண்ட். ரீ-என்ட்ரி உட்பட ஒவ்வொன்றையும் எக்செல்லில் எழுதி வைத்தேன். கட்டியது சுமார் 7.77 லட்சம். லாபம் 85 ஆயிரம். 11 சதவீதம். நல்ல எண்தானே? அதில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த முதல் பரிசு 1.62 லட்சம். அந்த ஒரு பரிசை நீக்கினால் 10 சதவீத நஷ்டம், அதாவது சராசரி ஆட்டக்காரனின் அதே பள்ளம். அந்தப் பரிசிலும் 30 சதவீதம், ஏறக்குறைய 48 ஆயிரம், வரியாகப் பிடித்தார்கள். கையில் நின்றது 37 ஆயிரம். மூன்று வருட ராத்திரிகள். என் மகளுக்கு அப்போது நாலு வயது. ஞாயிறு சாயங்காலம் அப்பா கதவைச் சாத்திக்கொள்வார் என்று அவளுக்குப் பழகிவிட்டது. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எக்செல்லில் தெரியவில்லை.

"போக்கர் திறமை ஆட்டம் என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டதே" என்பார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். திறமை ஆட்டம்தான். ஆனால் அந்தத் திறமை தெரிய ஆயிரக்கணக்கான ஆட்டம் வேண்டும். அதுவரை தாங்க 200, 300 பை-இன் தனியாக எடுத்து வைத்த பணம் வேண்டும். வகுப்பில் இதைச் சொல்கிறார்களா?

"அமெரிக்கரான கிறிஸ் மணிமேக்கர் 86 டாலரில் நுழைந்து உலகப் போக்கர் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயிக்கவில்லையா?" ஜெயித்தார், 2003இல். இருபது வருடத்துக்கு மேலாகியும் அதே ஒரு பெயரைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால் யோசித்துப் பாருங்கள்.

"உனக்குப் பொறாமை." இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒருவேளை கொஞ்சம் இருக்கலாம். அதனால் 9 சதவீதம் 9 சதவீதம் இல்லாமல் போய்விடுமா?

2023 அக்டோபரில் கட்டும் பணத்தின் மேலேயே 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. சில தளங்கள் போனஸ் கொடுத்து ஈடுகட்டின, அவ்வளவுதான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆன்லைனில் ஆடும் ஆட்டங்களையே தடை செய்தது, தளங்கள் நிறுத்திவிட்டன. இதற்குப் பிறகும் "வெளிநாட்டுத் தளத்தில் ஆடலாம், வழி சொல்லித் தருகிறேன்" என்று ஒரு மனிதர் வகுப்பு விற்கிறார். நாளைக்குக் கட்டிய பணம் அங்கே மாட்டிக்கொண்டால் எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பது?

எனக்குக் கோபம் அவர் மேல் மட்டும் இல்லை. எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் 2021இல் ஒரே ராத்திரியில் 2.4 லட்சம் ஜெயித்தான். அடுத்த மாதமே வேலையை விட்டான். விடாதே என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு என் ஆர்ஓஐயும் மேலே இருந்தது, நானும் சேர்ந்து கைதட்டினேன். எட்டே மாதத்தில் வண்டியை விற்றான். இப்போது போன் எடுப்பதில்லை. என்னைத் தோத்தவன் என்று சொன்னபோது எனக்கு அவன் முகம்தான் ஞாபகம் வந்தது. அவன் மோசமாக ஆடவில்லை. என்னை விட நன்றாகத்தான் ஆடினான்.

அதனால், ஸ்க்ரீன்ஷாட் போட்ட ஐயா, உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். 90 வேண்டாம், 1,000 டோர்னமெண்ட் போடுங்கள். ரீ-என்ட்ரியோடு, பிடித்த வரியோடு, ஆடிய நேரத்தோடு. என் 1,412 டோர்னமெண்டின் கணக்கும் அப்படியே இருக்கிறது, யார் கேட்டாலும் அனுப்புகிறேன். உங்களுடையதைப் போடும் வரை என்னை டேக் செய்யாதீர்கள்.