ஊர்வலத்துக்குக் குதிரை கேட்பவர்களுக்கு

ஊர்வலத்துக்குக் குதிரை பிடித்துத் தரச்சொல்லி நுவரெலியாவில் யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்தக் குதிரையை வெடிச்சத்தத்துக்குப் பழக்கியாயிற்றா? பெரும்பாலும் பதில் வராது. "அது பாட்டுக்கு நடக்கும்" என்பார்கள். கிரகரி வாவிக் கரையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க நடக்கிற குதிரைதானே, ஊர்வலத்திலும் நடந்துவிட்டுப் போகட்டும் என்ற நினைப்பு. அந்த நினைப்பு எவ்வளவு ஆபத்தானது என்று சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு.

அணிநடை எனக்கு உயிர். ஏப்ரல் சீசன் தொடங்கும் நாளில் பாடசாலை பேண்ட் அணிகள் டவுனுக்குள் நடந்து வருவதைப் பார்த்து வளர்ந்தவன். தியத்தலாவை இராணுவப் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளியேறும் அதிகாரிகளின் அணிவகுப்பை டிவியில் காட்டினால் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இராணுவம் என்றதும் நம் ஆட்கள் பலருக்கு மனதில் வேறு பலதும் வந்து போகும். அது நியாயமானது, அதை நான் தள்ளிவிடவில்லை. இங்கே நான் பேசுவது பழக்குகிற விதத்தைப் பற்றி மட்டும்.

மனிதனைப் பழக்குவது ஒரு வகை. அமெரிக்க மரைன் படையில் மௌன அணிநடைக் குழு ஒன்று 1948 முதல் இருக்கிறது. 24 பேர். கத்தி பொருத்திய துப்பாக்கியைச் சுழற்றுகிறார்கள், கைமாற்றுகிறார்கள், எறிந்து பிடிக்கிறார்கள். கட்டளை என்று ஒரு சொல் கிடையாது. பக்கத்தில் நிற்பவனின் காலடியைக் கேட்டே அடுத்த அசைவு. பார்க்கப் பார்க்க மயிர்க்கூச்செறியும். ஆனால் அந்த 24 பேருக்கும் தாங்கள் ஏன் அங்கே நிற்கிறோம் என்று தெரியும். விரும்பிச் சேர்ந்தவர்கள். நாளைக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் இருக்கிறது.

குதிரைக்கு இதில் எதுவும் கிடையாது. அது காலங்காலமாக வேட்டைக்கு இரையாக வாழ்ந்து வந்த பிராணி. ஆபத்து என்று பட்டால் முதலில் ஓடும், பிறகுதான் என்னவென்று பார்க்கும். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் சுற்றிவர ஏறத்தாழ எல்லாமே அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. நம் ஊர்வலங்களில் வெடியைக் கொளுத்திப் போடுவது சரியாக அந்தப் பின்பக்கத்தில்தான்.

அதனால் படைக் குதிரையைப் பழக்குகிறவர்கள் முதலில் கை வைப்பது நடையில் அல்ல, பயத்தில். பேண்ட் வாத்தியத்தைத் தூரத்தில் வாசிக்க வைப்பார்கள். குதிரை காதை மட்டும் திருப்பிவிட்டுப் புல்லைத் தொடர்ந்து மேய்ந்தால் அன்றைக்கு அதோடு சரி. அடுத்த தடவை கொஞ்சம் கிட்டே. பிறகு கொடி, பிறகு குடை, பிறகு கைதட்டிக் கூச்சல் போடுகிற ஒரு கூட்டம், கடைசியில்தான் வெடி. இளம் குதிரைக்குப் பக்கத்தில் அனுபவப்பட்ட மூத்த குதிரை ஒன்றை நிறுத்துவார்கள். மூத்தது அசையாமல் நின்றால் இளையதும் நிற்கும். இதில் அவசரத்துக்கு இடமே இல்லை. மிரளும் வரை தள்ளிவிட்டால் அது வரை பழக்கியதெல்லாம் வீண், திரும்ப முதலிலிருந்து வர வேண்டும்.

இப்படிப் பழக்கிய குதிரை எதைத் தாங்கும் என்று பார்க்க வேண்டுமென்றால், மன்னரின் பிறந்தநாளுக்கு இலண்டனில் நடக்கும் அணிவகுப்பில் வரும் முரசுக் குதிரையைப் பாருங்கள். இரண்டு பக்கமும் வெள்ளி முரசு. கொட்டுகிறவரின் இரண்டு கையிலும் குச்சி. கடிவாள வாரைக் காலோடு இணைத்துக் காலாலேயே ஓட்டுகிறார். காதுக்கு ஒரு முழம் பின்னால் அத்தனை சத்தம், குதிரை நிதானமாக வந்துகொண்டிருக்கும். 1981 ஜூன் 13ஆம் திகதி, அதே அணிவகுப்புக்கு எலிசபெத் மகாராணி குதிரையில் வந்துகொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்து 17 வயதுப் பையன் ஒருவன் ஆறு தடவை சுட்டான். வெற்றுத் தோட்டா என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. மகாராணி ஏறியிருந்த பர்மீஸ் என்ற கறுப்புக் குதிரை மிரண்டு துள்ளியது. அவர் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார், சில விநாடியில் அடங்கிவிட்டது, ஊர்வலம் தொடர்ந்தது. கனடாவின் குதிரைப் பொலிஸார் 1969இல் அவருக்குக் கொடுத்த குதிரை அது. 32 குதிரைகளை இசைக்கு ஏற்ப ஊடும் பாவுமாக நடத்திக் காட்டுகிறவர்களின் லாயத்திலிருந்து வந்தது.

அப்படிப்பட்ட பயிற்சிக்கும் ஓர் எல்லை உண்டு. 2024 ஏப்ரல் 24ஆம் திகதி காலையில் இலண்டன் தெருவில் நடைபழகிக்கொண்டிருந்த அரச குதிரைப்படைக் குதிரைகளுக்குப் பக்கத்தில், கட்டட வேலைக்காரர்கள் உயரத்திலிருந்து கல்லும் மண்ணும் கொட்டினார்கள். அவ்வளவுதான். ஏறியிருந்தவர்களைத் தள்ளிவிட்டுக் குதிரைகள் ஓடின. டாக்சியில் மோதின, பஸ்ஸில் மோதின. வெள்ளைக் குதிரை ஒன்று நெஞ்செல்லாம் இரத்தமாக நகரத்துக்குள் ஓடிய படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உலகத்திலேயே அதிகக் கவனத்தோடு பழக்கப்பட்ட குதிரைகளுக்கே இந்த நிலை. நேற்று வரை வாவிக் கரையில் மட்டும் நடந்த நம்ம ஊர்க் குதிரையை இன்றைக்கு மாலை போட்டு, ஆயிரம்வாலா சரவெடிக்கு முன்னால் எந்த நம்பிக்கையில் நிறுத்துகிறோம்?

நான் கண்ணால் கண்டதையும் சொல்கிறேன். ஒரு திறப்பு விழா ஊர்வலம். எங்கே, யாருடையது என்பது வேண்டாம். செம்மண் நிறக் குதிரை ஒன்றை முன்னால் விட்டிருந்தார்கள். வெடி வைக்க முன்பே அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது. காது இரண்டும் பின்னால் படிந்துவிட்டது. கண்ணில் வெள்ளை தெரிந்தது. வால் உடம்போடு ஒட்டியிருந்தது. அந்தக் குளிரிலும் கழுத்து வியர்த்திருந்தது. பிடித்திருந்த தம்பி "அண்ணே, கொஞ்சம் பொறுங்க, இது சரியில்ல" என்றான். யார் கேட்டார்கள்? முதல் வெடியிலேயே பின்னங்காலில் எழுந்தது. சரிவான தார் ரோடு, லாடம் வழுக்கி முழங்கால் அடிபட விழுந்தது. கயிற்றை விடாததால் தம்பியின் உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது. விட்டிருந்தால் அது பாய்ந்திருக்கும் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகக் கொடி பிடித்து நின்றார்கள். ஏற்பாட்டாளர்கள் அவனைத்தான் ஏசினார்கள், குதிரையை அடக்கத் தெரியவில்லையாம்.

அவனுக்குத் தெரிந்தது அந்தக் கூட்டத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அதுதான் என் ஆத்திரம்.

நம்ம ஊரில் பழக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்று சொல்லாதீர்கள். குதிரைகளோடேயே தலை நரைத்த ஒரு அண்ணன் எங்கள் பக்கத்தில் இருக்கிறார். படிப்பு, சான்றிதழ் எதுவும் கிடையாது. கம்பு நுனியில் சிலிசிலி பேக் (சரசரக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பை) ஒன்றைக் கட்டி மெல்ல ஆட்டுவார். குதிரை தலையைத் தூக்கினால் உடனே நிறுத்திவிடுவார். தலை தாழ்ந்ததும் மார்க்கட்டில் கழித்துப் போட்ட கரட் ஒரு துண்டு. பிறகு பேக்கைத் தோளில் உரசுவார், வயிற்றில் உரசுவார், கடைசியில் காலுக்குள்ளே. பழைய தகர டின்னைத் தட்டிக்கொண்டு தூரத்திலிருந்து பேரனை வரச் சொல்வார். பையன் அவசரப்பட்டால், "கிட்ட வராத, அது இன்னும் உன்னய நம்பல" என்பார். வெளிநாட்டுக் குதிரைப்படை செய்வதும் இதேதான். அவர்களுக்கு அதற்குச் சம்பளம், ஓய்வூதியம், பதவி எல்லாம் இருக்கிறது. இவருக்குக் குதிரைக்காரன் என்ற பெயர் மட்டும்தான்.

இது புதுக் கதையும் இல்லை. வெள்ளைக்காரத் துரைமார் குதிரையேறித் தோட்டம் சுற்றிய காலத்தில் அந்தக் குதிரைகளுக்குப் புல் அறுத்துப் போட்டு, தேய்த்துக் குளிப்பாட்டி, நடத்திப் பழக்கியவர்கள் நம் பாட்டன்மார். 1892இல் இலங்கையில் தொடங்கிய குதிரைப் படைப்பிரிவில் தோட்டத் துரைமார் பலர் சேர்ந்தார்கள். டச்சு வழிவந்த போயர் குடியேறிகளோடு பிரித்தானியர் நடத்திய போயர் யுத்தத்துக்குத் தென்னாபிரிக்கா வரைக்கும் போனார்கள். 1900இல் போயர் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்ததும் நம்ம தியத்தலாவையில்தான். நுவரெலியாவில் குதிரைப் பந்தயம் தொடங்கியது 1875இல். இவ்வளவு நீண்ட வரலாற்றில் சேணத்தில் உட்கார்ந்தவரைப் பற்றி எழுதினார்கள், கடிவாளத்தைப் பிடித்துக் கீழே நடந்தவரை விட்டுவிட்டார்கள்.

"குதிரையை ஊர்வலத்துக்கே விடக்கூடாது, தடை செய்யுங்கள்" என்கிற நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்களின் இரக்கம் உண்மையானது. ஆனால் தடை வந்தால் குதிரையைக் காப்பாற்ற யார் வருவார்கள்? சவாரி, ஊர்வலம் என்று வருகிற காசில்தான் தவிடும் லாடமும் மருந்தும். வருமானம் நின்ற குதிரை என்ன ஆகும் என்பதை, பந்தயம் ஓடி முடிந்து கைவிடப்பட்டு இராத்திரியில் டவுன் ரோட்டில் குப்பை கிளறும் குதிரைகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2022 குடியரசு தினத்தன்று டில்லியில் ஜனாதிபதி மெய்க்காவல் படையின் விராட் என்ற குதிரை ஓய்வு பெற்றபோது, ஜனாதிபதியும் பிரதமரும் கிட்டப் போய்த் தடவிக்கொடுத்தார்கள். அந்த மரியாதை நம்ம ஊர்க் குதிரைக்கு வேண்டாம், கடைசிக் காலத்தில் ஒரு கொட்டகையும் புல்லும் போதும். அதற்கும் காசு வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஊர்வலத்துக்குப் போகிற குதிரைகளைத் தனியாகப் பிரித்து, பழக்கிய பிறகு மட்டும் விட வேண்டும். பழக்குகிற மாதங்களுக்கும் சேர்த்துக் கூலி கொடுக்க வேண்டும். அன்றைக்கு ஒரு நாள் வாடகையை மட்டும் கையில் திணித்துவிட்டுப் போகக்கூடாது. அந்த அண்ணனைப் போன்றவர்களிடம் தோட்டத்து இளைஞர்கள் முறையாகக் கற்று, மிருக வைத்தியர் ஒருவர் பார்த்து ஒப்பமிட்ட சான்றிதழோடு வெளியே வர வழி செய்ய வேண்டும். ஊர்வலத்தன்று குதிரை வேண்டாம் என்று சொல்லும் உரிமை, கயிற்றைப் பிடித்திருப்பவருக்கே இருக்க வேண்டும். பிரமுகர் காத்திருந்தாலும் சரி.

வரும் சீசனுக்கு ஊர்வலம் ஏற்பாடு செய்கிற யாராவது இதைப் படித்தால், இப்போதே இன்பொக்ஸில் பேசுங்கள், அந்த அண்ணனிடம் நானே கூட்டிப் போகிறேன். மார்ச் கடைசியில் வந்து கேட்டால் அவர் முடியாது என்றுதான் சொல்வார், நானும் அவர் பக்கம்தான் நிற்பேன்.