தசமத்தை நடுவழியில் வெட்டாதீர்கள்

விலையை எண்ணிக்கையால் பெருக்கி ஒரு நெடுவரிசை, அதில் தள்ளுபடி கழித்து இன்னொன்று. தசமம் வால்போல நீளுகிறது, பார்க்க நன்றாக இல்லை என்று டேட்டா டேபிளிலேயே ஃப்ளோர் (எண்ணை எப்போதும் கீழ்ப்பக்கமே இறக்கும் ஃபங்ஷன்) போட்டு வெட்டிவிடுகிறார்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் மட்டுமல்ல, பல வருஷம் கோட் எழுதியவர்களும்தான். இதை நான் எந்தக் கோட் ரிவ்யூவிலும் ஏற்க மாட்டேன்.

பக்கத்து எண்ணுக்கு மாற்றும் சாதாரண ரவுண்டிங்கில் ஒரு வரியில் கொஞ்சம் கூடும், இன்னொன்றில் குறையும், மொத்தத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும். ஃப்ளோரில் அதற்கு வழியே இல்லை. குறைந்தது குறைந்ததுதான்.

கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை பட்ட பாட்டைப் படித்தால் புரியும். 1982 ஜனவரியில் 1000 புள்ளிகளில் புதுக் குறியீட்டெண்ணைத் தொடங்கினார்கள். நாளுக்கு ஏறக்குறைய 3,000 முறை மறுகணக்கு. ஒவ்வொரு முறையும் மூன்று தசமத்துக்கு அப்பால் இருந்ததை அப்படியே வெட்டினார்கள். வெட்டிய எண்ணை வைத்தே அடுத்த கணக்கு. ஒரு தடவைக்குப் போனது சராசரியாக 0.0005தான். ஆனால் தினமும் ஒரு புள்ளிக்கு மேல் கரைந்தது. 1983 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை குறியீடு 524.811-இல் முடிந்தது. பிழையைத் திருத்தியபின் திங்கட்கிழமை தொடங்கியது 1098.892-இல்! பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது, அதுவும் ஏறக்குறைய இரண்டு வருஷமாக.

பைத்தான் புரோகிராமிங் மொழியில் 4.35 ரூபாயைப் பைசாவாக்க 100-ஆல் பெருக்கிப் பாருங்கள். 434.99999999999994 என்று வரும், ஏனென்றால் 4.35 இரும எண்ணில் முழுதாக அடங்காது. ரவுண்ட் செய்தால் 435. ஃப்ளோர் போட்டால் 434, ஒரு பைசா போச்சு. பணத்துக்கு டெசிமல் டைப் (எண்ணை இருமமாக்காமல் தசமமாகவே வைக்கும் வகை) எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

திரும்பி வந்த சரக்குக்கு மைனஸ் தொகை வருமே, அங்கே இன்னும் மோசம். -2.5-க்கு ஃப்ளோர் -3 தரும், பூஜ்யத்தை நோக்கி வெட்டும் எக்ஸெலின் ரவுண்ட்டவுன் -2 தரும். "கீழே இறக்கு" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் புரோகிராமர் எதைப் போடுவார்?

அட்டைப்பெட்டி எத்தனை முழுதாக நிரம்பும் என்ற கணக்குக்கு ஃப்ளோர்தான் சரி, மறுக்கவில்லை. பணம் அப்படியல்ல. ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவு வரித்தொகைக்குத் தெளிவாகவே சொல்கிறது: 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாயாக்கு, குறைவாக இருந்தால் விட்டுவிடு. டேபிளில் எண் முழுதாக இருக்கட்டும். கடைசித் தொகையில் மட்டும் ரவுண்ட் செய்யுங்கள், அதுவும் எப்படி என்று அக்கவுண்ட்ஸ்காரர்களிடம் எழுதி வாங்கிய பிறகு.