குழாயடியில் மஞ்சள் நிறம் வரவில்லை

போன வருடம் ஆடி மாதம் எங்கள் தெருவில் இரண்டே நாளில் ஏழு பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். முதலில் படுத்தவர் எதிர்வீட்டுப் பாட்டி. கோயிலில் ஊற்றிய கூழ் ஒத்துக்கொள்ளவில்லை என்று பேசிக்கொண்டார்கள். மறுநாள் என் தம்பி மகளுக்கு ஆரம்பித்தது. அவள் கூழ் குடிக்கவே இல்லை, அதனால் கடையில் வாங்கித் தின்ற பானிபூரி மேல் பழி விழுந்தது. அடுத்த வீட்டில் பழைய மீன் குழம்பு. ஆளாளுக்கு ஒரு காரணம், ஆளாளுக்கு ஒரு கிளினிக். டவுனில் மூன்று டாக்டர்களிடம் பிரிந்து போனதால், ஒரே தெருவில் ஏழு பேர் என்பது அந்த மூவருக்குமே தெரியாது. பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறதென்று எங்களுக்கே தெரியவில்லையே!

தெரிந்தது ஒரே ஒருவருக்குத்தான். மூன்றாம் நாள் காலை, தெருக்கோடி வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியைப் பார்க்க எங்கள் கிராம சுகாதார செவிலியர் வந்தார். நர்ஸக்கா என்றுதான் கூப்பிடுவோம். பிரஷர் பார்த்துக்கொண்டே "தெருவுல என்ன, எல்லாரும் சோர்ந்து கெடக்குறீங்க?" என்று கேட்டவர், பதிலைக் கேட்டதும் வாசலுக்கு வந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போன் போட்டார். பத்து மணிக்கெல்லாம் சுகாதார ஆய்வாளர், அதாவது எச்.ஐ., டூவீலரில் வந்துவிட்டார்.

அவர் செய்த வேலையை நான் கூடவே நடந்து பார்த்தேன். முதலில் மருந்து கொடுக்கவில்லை, கேள்வி கேட்டார். வீடு வீடாக: யாருக்கு, என்றைக்கு, எத்தனை மணிக்கு, குடிக்கிற தண்ணீர் எது? எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினார். பதினைந்து வீடு முடிந்ததும் அந்த நோட்டே விஷயத்தைச் சொல்லிவிட்டது. போர் தண்ணீர் குடிக்கிற வீடுகளில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. பாதிக்கப்பட்ட ஏழு பேரும் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் குடிப்பவர்கள், சிறுபாலத்துக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள்.

அப்புறம் பையிலிருந்து குளோரோஸ்கோப் எடுத்தார். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து நான்கைந்து சொட்டு மருந்து விடுவார்கள். தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சளாகும். மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே இருந்த குழாயில் பிடித்தார், நல்ல மஞ்சள். பாலத்துக்கு அந்தப் பக்கம் பிடித்தார், மஞ்சள். எங்கள் வீட்டு வாசல் குழாயில் பிடித்தார். ஊற்றிய தண்ணீர் ஊற்றியபடியே இருந்தது. குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார், நிறமே இல்லை. கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்றார். தொட்டியில் போட்ட குளோரின் வழியில் எதையோ கொன்று தீர்ந்துபோயிருக்கிறது என்று அவர் சொன்னபோது எனக்கு வயிற்றைப் புரட்டியது.

அந்த "வழி" சிறுபாலத்துக்கு அடியில் இருந்த வால்வு குழி. மூடியைத் தூக்கினால் உள்ளே முழுக்கச் சாக்கடைத் தண்ணீர், அதற்குள் முங்கிக் கிடந்தது வால்வு. தண்ணீர் விடும்போது அழுத்தத்தில் வெளியே கசியும், நிறுத்தியதும் குழாய் காலியாகி வெளியே நிற்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலை முதல் குடத்தில் அதுதான் வரும். மனுஷன் ஆய்வக முடிவுக்குக் காத்திருக்கவில்லை. மாதிரியை அனுப்பிவிட்டு அன்றே லைனை நிறுத்தச் சொன்னார். லாரியில் தண்ணீர் வந்தது, வீட்டுக்கு வீடு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், குழந்தைகளுக்கு ஜிங்க் மாத்திரை. எட்டாவதாக ஒருவர் படுக்கவில்லை.

இவர்கள் எல்லாம் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறையைச் சேர்ந்தவர்கள். நம்மில் பலருக்கு சுகாதாரத் துறை என்றால் பெரியாஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரிகளுக்கு ஒரு இயக்குநரகம், மாவட்ட, தாலுகா மருத்துவமனைகளுக்கு இன்னொன்று, நோய் வராமல் பார்க்கிற வேலைக்கென்றே தனியாக ஒன்று. பல மாநிலங்களில் இப்படிக் கிடையாது. எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் ஆஸ்பத்திரித் தேவைகளே பணத்தையும் கவனத்தையும் தின்றுவிடும், கொசுப்புழுவுக்கும் குடிநீருக்கும் யார் சண்டை போடுவது? 1939-லேயே இதற்கென்று சென்னை மாகாணம் பொது சுகாதாரச் சட்டம் போட்டது, இந்தியாவிலேயே முதலாவது. குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய் என்று எல்லாவற்றிலும் தலையிட சுகாதார அதிகாரிக்கு அது அதிகாரம் தருகிறது. தொற்றுநோயைப் பார்க்கும் டாக்டர் தகவல் சொல்லியாக வேண்டும் என்பதும் அதில் உண்டு. அந்த மூன்று கிளினிக்குகளில் ஒன்றாவது சொல்லியிருந்தால் எங்களுக்கு ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். கோபமாகத்தான் சொல்கிறேன்.

என் பெரியப்பா எச்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். 2004 சுனாமியின்போது மேற்கு மாவட்டம் ஒன்றில் வேலை பார்த்தார், நாகப்பட்டினத்துக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. தமிழ்நாட்டில் இறந்த சுமார் 8,000 பேரில் பெரும்பாலோர் அந்த ஒரு மாவட்டத்தவர்கள். அழுகிய உடல்கள், உப்பேறிய கிணறுகள், முகாம்களில் நெருக்கியடித்துக் கிடந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள். அடுத்து காலரா வரும், தட்டம்மை வரும் என்று எல்லாரும் பயந்தார்கள். பெரிய கொள்ளைநோய் எதுவும் வரவில்லை. பெரியப்பா வாரக்கணக்கில் செய்தது மூன்றே வேலை: தண்ணீருக்குக் குளோரின், கழிப்பிடங்களுக்குப் பிளீச்சிங் பவுடர், முகாம் முகாமாகப் போய் யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பேதி என்ற கணக்கு. குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி போட இன்னொரு குழு. வீடு திரும்பியபோது அவர் சட்டையெல்லாம் பிளீச்சிங் பட்டு வெளுத்திருந்தது. பெரியம்மா அதில் ஒன்றை இன்னும் தூக்கிப்போடவில்லை.

பிரசவமும் அப்படித்தான். 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54 பேர். பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மூன்றாம் மாதமே வீட்டுக்கு வந்து, கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி என்ற பதிவு எண் போட்டு, ரத்தம் குறைவா என்று பார்த்து, "மாத்திரையைத் தின்னியா, தூக்கிப்போட்டியா?" என்று அதட்டுகிற நர்ஸக்கா இல்லாமல் அந்த 54 வராது.

இப்போது அந்த அக்காவைப் பாருங்கள். ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு சுமார் 5,000 மக்கள் என்பது கணக்கு. கர்ப்பிணிகள், புதன்கிழமை தடுப்பூசி, சர்க்கரை, பிரஷர் நோயாளிகள், இது போக ரிஜிஸ்டரில் எழுதியதையே திரும்பவும் போனில் ஏற்ற வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு சிக்னல் தேடி மாடியில் நின்று என்ட்ரி போடுவதை நானே பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் பாதியைத் தெருவில் செலவிட விட்டால், எங்கள் தெரு விஷயம் மூன்றாம் நாளுக்குப் பதில் முதல் நாளே தெரிந்திருக்கும். பதிவேற்ற ஒரு ஆளைப் போடுங்கள். இது பெரிய செலவே இல்லை.

நம் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. கொசுப்புழு பார்க்க வரும் பெண்களைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்துகிறோம். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டை இழுத்துப் பார்க்கிறேன் என்றால் முகம் சுளிக்கிறோம். டெங்குக் கொசு வளர அந்தத் தட்டில் தேங்கும் தண்ணீர் போதும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். அந்த அம்மாக்களுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள், உள்ளே விடுங்கள்.

இதையெல்லாம் இன்றைக்கு எழுதக் காரணம் உண்டு. அந்த எச்.ஐ.க்கு மூன்று மாதம் முன்பு மாறுதல் வந்துவிட்டது. அவர் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை, பக்கத்துப் பகுதிக்காரர் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, ஒரு ஆள் எத்தனை ஊர் சுற்றுவார்? நேற்று தொட்டிப் பக்கம் போனேன். சுத்தம் செய்த நாள் என்று தூணில் பெயிண்டில் எழுதியிருக்கும் தேதி ஜூன் மாதத்தது. இது செப்டம்பர் கடைசி, மழை வரப் போகிறது. வால்வு குழி மூடியைத் தூக்கிப் பார்த்தேன், அடியில் தண்ணீர் நிற்க ஆரம்பித்துவிட்டது.

ஆஸ்பத்திரி வேண்டும், ரோடு வேண்டும் என்று கிராம சபையில் கேட்டிருக்கிறோம். எச்.ஐ. வேண்டும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அக்டோபர் 2 கிராம சபையில் நாங்கள் கேட்கப் போகிறோம்: காலியிடத்தை நிரப்பப் பரிந்துரைத்துத் தீர்மானம், கடைசிக் குழாயில் வாரம் ஒருமுறை குளோரின் சோதனை, முடிவைப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதுவது. மனு தயார். எங்கள் தெருவில் 23 வீட்டில் கையெழுத்து வாங்கியாச்சு. எதிர்வீட்டுப் பாட்டிதான் முதலில் கைநாட்டு வைத்தார்.