ஐயூஐ பண்ணிட்டு எழுந்து நடந்தா ஒண்ணும் ஆகாது

மேல ஒரு அக்கா, ஐயூஐ (குழந்தை உண்டாக விந்தணுவை டியூப் வழியா கர்ப்பப்பைக்குள்ள விடுற சிகிச்சை) முடிஞ்சு 2 வாரம் பெட் ரெஸ்ட் எடுக்கலன்னா உள்ள விட்டதெல்லாம் வெளிய வந்துரும், அதனாலதான் பெயில் ஆகுதுன்னு போட்டிருக்காங்க, அது தப்புங்க. லேப்ல விந்தணுவை வாஷ் பண்ணி, நல்லா நீந்துறதை மட்டும் பிரிச்சு, மெல்லிசான ஒரு டியூப் வழியா நேரா கர்ப்பப்பைக்குள்ளயே விடுறாங்க, எழுந்து நின்னா கொட்டிடாது. அப்புறம் லேசா ஈரமா தெரியும், அது பெரும்பாலும் கர்ப்பப்பை வாய் பக்கம் இருக்கிற திரவந்தான், அது தெரியாம நானே முதல் தடவை பாத்ரூம்ல உக்காந்து அழுதிருக்கேன். 10, 15 நிமிஷம் படுக்கச் சொல்வாங்க, அவ்ளோதான், மறுநாள் வேலைக்கே போகலாம். நீ படியேறினதாலதான் கரு நிக்கலன்னு வீட்டுல யாராவது சொன்னா தயவுசெஞ்சு நம்பாதீங்க, ஒரு சைக்கிள்ல (ஒரு தடவை பண்ற முயற்சியில) நிக்கிற வாய்ப்பே சுமாரா 100க்கு 10லேர்ந்து 20தான், வயசு, முட்டை, விந்தணு எண்ணிக்கைய பொறுத்து அதுவும் மாறும். கருக்குழாய் ஒண்ணாவது திறந்திருக்கணும், அதை எச்எஸ்ஜி எக்ஸ்ரேல பார்த்தாச்சான்னு முதல்ல கேளுங்க. 3, 4 சைக்கிள் ஆகியும் நிக்கலன்னா பெட் ரெஸ்ட்ட கூட்டாதீங்க, ஐவிஎப் (முட்டையையும் விந்தணுவையும் லேப்ல சேர்த்து கருவாக்குற சிகிச்சை) பத்தி டாக்டர்கிட்ட பேசுங்க.