சீனித் தண்ணி மண்ணு மாதிரி இருக்காம்

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இனிப்புநீருக்கு, அதாவது சர்க்கரை நோய்க்கு, வாரம் ஒரு மருந்து வருகிறது. சிறுகுறிஞ்சான், ஆவாரம்பூ, நாவல்கொட்டை, பாகற்காய்ச் சாறு. எல்லாவற்றுக்கும் கீழே அதே வரி: "இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது." எனக்குப் பொடிகள் மேல் கோபமில்லை, இந்த வரி மேல்தான். சீனியை இறக்கும் என்றால் அது மருந்து, ஏற்கனவே மாத்திரை போடுகிறவருக்கு இரண்டாவது மருந்து.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, கோலாலம்பூர் செந்தூல் வீட்டில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார், கை நடுக்கம், பேச்சில் குழறல். மீட்டரில் இரத்தச் சீனி 2.9 mmol/L. நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறார். "என்னம்மா இது, மண்ணு மாதிரி இருக்கு." சீனி போட மறந்துவிட்டேனோ என்று நானே குடித்துப் பார்த்தேன், பாயசமாக இனிக்கிறது. அப்போதுதான் மேசை மேல் அந்த டப்பா கண்ணில் பட்டது. சிறுகுறிஞ்சான் பொடி. வாயில் போட்டால் கொஞ்ச நேரத்துக்கு நாக்குக்கு இனிப்பே தெரியாது, சர்க்கரைக்கொல்லி என்று பெயர் வந்ததே அதனால்தான். தலை சுற்றியதும் சீனி ஏறிவிட்டது என்று நினைத்து இன்னொரு கரண்டி போட்டிருக்கிறார்!

விசாரித்தால், இரண்டு வாரமாக விடிகாலையில் பாகற்காய்ச் சாறு, அப்புறம் பொடி, கூடவே வழக்கமான கிளிக்லசைட். வெறும் வயிற்றில் என்று குரூப்பில் போட்டிருந்ததால் அன்று பசியாறவும் இல்லை. கிளிக்லசைட் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இப்படி இறங்கும் ஆபத்து குறைவு. ஆனால் நம்மில் எத்தனை பேருக்குத் தம் மாத்திரையின் பெயர் தெரியும்? "வெள்ளையா, நீளமா இருக்கும்" என்போம். இது புதுச் செய்தியும் இல்லை. குளோர்புரோபமைட் என்ற இனிப்புநீர் மாத்திரையோடு பாகற்காய்க் கறி சாப்பிட்ட ஒரு பெண்மணியைப் பற்றி 1979லேயே லான்செட் மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள்.

டப்பாவுக்குள் பொடி மட்டும்தான் இருக்கிறதா என்பது வேறு கதை. 2008இல் சிங்கப்பூரில் ஆண்மைக்கு என்று கள்ளத்தனமாக விற்ற மாத்திரைகளில் கிளிபென்கிளமைட் என்ற இனிப்புநீர் மருந்து கலந்திருந்தது, சீனி இறங்கி 4 பேர் இறந்தார்கள்.

அம்மாவை அவசரப் பிரிவில் ஒரு நாள் வைத்திருந்தார்கள், சீனி ஏறினாலும் கிளிக்லசைட் திரும்ப இறக்கும் என்று. டாக்டர் "வேற ஏதும் சாப்பிடுறீங்களா?" என்றபோது அம்மா என் முகத்தைப் பார்த்தார். முன்பொரு தடவை கிளினிக்கில் நாட்டு மருந்து என்று வாயைத் திறந்ததற்கு எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்கியவர், அதற்கப்புறம் மூச்சே விடவில்லை. ஏசுகிற டாக்டருக்கும் இதில் பங்கு இருக்கிறது, நான் சொல்லத்தான் செய்வேன்.

இப்போது கிளினிக்குக்குப் போகும்போது பச்சைச் சிகிச்சைப் பதிவுப் புத்தகத்தோடு டப்பாவும் பையில் போகிறது. மருந்தாளர் பொறுமையாக லேபிளைப் படித்துவிட்டு, பொடியையும் சாற்றையும் நிறுத்தச் சொன்னார், எப்போதாவது பாகற்காய்ப் பொரியல் பரவாயில்லை என்றார். குரூப்பில் இருக்கும் அத்தையிடம் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். "அப்படியா" என்று கேட்டுக்கொண்டார். நேற்று குரூப்பில் போட்டிருக்கிறார்: ரெண்டு டப்பா மீதி இருக்கு, யாருக்காச்சும் வேணுமா?