கண்ணால் போடும் மதிப்பெண்

முடக்குவாதம் வந்த மூட்டுச் சவ்வின் நுண்ணோக்கிப் படங்களை ஏஐ அலசும் என்று ஒரு கட்டுரை படித்தேன். அது நல்ல விஷயம்தான், ஆனால் இனி டாக்டரே வேண்டாம் என்கிற மாதிரி அதில் எழுதியிருப்பது கொஞ்சம் ஓவர். இப்போது சவ்வில் அழற்சி எவ்வளவு என்று சொல்ல கிரென் மதிப்பெண் என்று ஒன்று போடுகிறார்கள்: சவ்வின் மேலடுக்கின் தடிப்பு, உள்திசுவின் செல் அடர்த்தி, அழற்சிச் செல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 9, அதில் 5-ஐத் தொட்டாலே தீவிர அழற்சி. கண்ணால் பார்த்துப் போடுவதால் ஆளுக்கு ஆள் மாறும். சாயம் ஏற்றியதும் ஊதாப் புள்ளியாகத் தெரியும் செல் உட்கருக்களை எண்ண கணினி சலிக்காது, அது சரி. ஆனால் சாயம் ஒரு லேபில் வெளுத்தும் இன்னொன்றில் அடர்ந்தும் இருந்தால் அதுவும் குழம்பும்.

அப்புறம், எங்கள் கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கிற அக்காக்கள் காலையில் விரலை மடக்க முடியாவிட்டாலும் 'குளிருக்கு அப்படித்தான்' என்று தைலம் தேய்த்துக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இறுக்கம் ஒரு மணி நேரம் நீடித்தால் முடக்குவாதத்தைக் கண்டறிய உதவும் ஆன்டி சிசிபி ரத்தப் பரிசோதனை பாருங்கள் என்று எஸ்டேட்டில் யாராவது எழுதி ஒட்டினால் தேவலை.